பாதியில் நிற்கும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்: பழைய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் மென்பொருள் நிறுவும்போது வரும் எரர்களுக்கு என்ன அர்த்தம்?

பிளஸ் 2 படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறதா? திருவண்ணாமலை போன்ற ஊர்களில் இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. ஆரம்பத்தில் வந்த மாடல்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இன்றைய விண்டோஸ் அந்த மெஷினில் நகராது. ஆனால், எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டால் டைப்பிங், பிடிஎஃப் படிப்பது போன்ற வேலைகளுக்கு இன்னும் தாங்கும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. தேவையான மென்பொருளை நிறுவ, யாரோ எழுதிவைத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவோம். பத்து வரி ஓடும். பிறகு எரர், எரர், எரர். "நமக்கு இது செட் ஆகாது" என்று மூடிவைத்துவிடுவார்கள்.

உதாரணத்துக்கு, செங்கம் சாலையில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வைத்திருந்த பழைய தலபுராணப் புத்தகத்தை ஸ்கேன் செய்துவிட்டார். அந்தப் படங்களைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்ற வேண்டும். அதற்கு 'டெசராக்ட்' என்ற இலவச ஓசிஆர் மென்பொருள் இருக்கிறது. 1980-களில் ஹெச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்டது, தமிழும் படிக்கும். நிறுவ ஒரு ஸ்கிரிப்ட்டும் கிடைத்துவிட்டது. ஓட்டினால் நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

(திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வரும். இந்தக் கட்டுரையில் அவற்றின் உச்சரிப்பு தமிழில் தரப்பட்டுள்ளது.)

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

நாம் டைப் செய்யும் கமாண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரியவைத்துச் செய்து முடிக்கும் புரோகிராமுக்குப் பெயர் ஷெல். லினக்ஸில் பரவலாக இருப்பது 'பாஷ்'. பிரையன் ஃபாக்ஸ் என்பவர் குனு திட்டத்துக்காக எழுதி, 1989-ல் வெளியானது. ஒவ்வொன்றாக டைப் செய்ய வேண்டிய கமாண்டுகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிவைத்தால் அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். அவ்வளவுதான்.

அண்ணாமலையாரைக் கிரிவலம் வருபவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். 14 கிலோமீட்டர் பாதை. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தரிசித்துப் போக வேண்டும். ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான் வரிசை மாறாமல் போகும். ஆனால் ஒரு கோயில் நடை சாத்தியிருந்தால் பக்தர் என்ன செய்வார்? வாசலில் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்கு நடப்பார். பாஷும் அதையேதான் செய்யும். மூன்றாவது வரி தோற்றுப்போனாலும், தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், நிற்காமல் நான்காவது வரிக்குப் போய்விடும். (நிற்கச் சொல்லும் வழியும் உண்டு. ஸ்கிரிப்ட்டின் மேலே 'செட் மைனஸ் ஈ' என்று எழுதியிருந்தால், பொதுவாக முதல் தோல்வியிலேயே நின்றுவிடும்.)

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். திரையில் கடைசியாகத் தெரியும் எரரைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். டவுன்லோட் ஆகவில்லை என்பது மூன்றாவது வரியின் பிரச்சினை. அந்த ஃபைலைப் பிரிக்க முடியவில்லை, போல்டர் இல்லை, ப்ரோகிராம் இல்லை என்று அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் அதன் வால். மேலே ஸ்க்ரோல் செய்து, முதல் எரர் எது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்க்ரோல் செய்ய முடியாத அளவுக்கு ஓடிவிட்டதா? டெர்மினலில் முதலில் 'ஸ்கிரிப்ட்' என்ற கமாண்டையே டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதன்பின் திரையில் வருவதெல்லாம் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற ஃபைலில் பதிவாகும். வேலை முடிந்ததும் 'எக்ஸிட்'.

எரர் வரியை எப்படிப் படிப்பது?

அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஸ்கிரிப்ட்டின் பெயர், அடுத்து எத்தனையாவது வரி, அடுத்து எந்தக் கமாண்ட், கடைசியில் காரணம். 'லைன் 12' என்று இருந்தால் ஸ்கிரிப்ட்டைத் திறந்து 12-வது வரியைப் பாருங்கள். சில நேரம் உண்மையான தவறு அதற்கு ஓரிரு வரி மேலே இருக்கும். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருந்தால் பாஷ் கடைசி வரிவரை போய்த்தான் புலம்பும்.

கமாண்ட் முடிந்த உடனே, 'எக்கோ' என்று அடித்து, இடைவெளி விட்டு, டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துப் போட்டால் ஒரு எண் வரும். 0 என்றால் வெற்றி. 127 என்றால் அப்படி ஒரு கமாண்டே கிடைக்கவில்லை. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஆனால் ஓட்ட முடியவில்லை. 130 என்றால் நீங்களே கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தியது.

'பெர்மிஷன் டினைடு'

டவுன்லோட் செய்த ஃபைலை லினக்ஸ் உடனே ஓடவிடாது. "இதை ஓட்டலாம்" என்ற அனுமதியை நீங்கள் கொடுக்க வேண்டும். 'சிஹெச்மோட்' என்று அடித்து, இடைவெளி, ப்ளஸ் எக்ஸ், இடைவெளி, ஃபைல் பெயர். அல்லது 'பாஷ்' என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தாலும் ஓடும்.

"சூடோ போட்டா சரியாயிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். ஆகாது. ஓட்டும் அனுமதி இல்லாத ஃபைலுக்கு முன்னால் சூடோ போட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்து இன்னும் குழப்பும். பென் டிரைவில் இருந்தே ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 'ஃபேட்' முறையில் ஃபார்மட் ஆன பென் டிரைவில் இந்த அனுமதியைக் குறித்துவைக்கவே இடமில்லை. ஃபைலை ஹோம் போல்டருக்கு காப்பி செய்துவிட்டு முயலுங்கள்.

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'

ஸ்கிரிப்ட்டுக்குத் தேவையான கருவி உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பெரும்பாலும் 'கர்ல்', 'கிட்', 'மேக்', 'ஜிசிசி' ஆகியவற்றில் ஒன்று. எழுதியவர் மெஷினில் அவை இருந்தன, உங்களிடம் இல்லை. எந்தப் பெயர் வந்ததோ அதை 'ஆப்ட் இன்ஸ்டால்' மூலம் முதலில் நிறுவிவிட்டு ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டலாம்.

விண்டோஸில் பழகியவர்கள் ஸ்கிரிப்ட்டின் பெயரை மட்டும் அடிப்பார்கள். லினக்ஸ், நீங்கள் நிற்கும் போல்டருக்குள் தானாகத் தேடாது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்வுக்கோடும் வேண்டும்.

சிலருக்கு 'சூடோ'வே இல்லை என்று வரும். டெபியன் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால், உங்கள் பெயருக்கு சூடோ அனுமதி தரப்பட்டிருக்காது. அப்போது வரும் 'திஸ் இன்சிடென்ட் வில் பி ரிப்போர்ட்டட்' என்ற வரியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. போலீஸுக்கெல்லாம் போகாது, அந்த மெஷினின் அட்மினுக்கான குறிப்பு அது. வீட்டு லேப்டாப்பில் அட்மின் நீங்கள்தான்.

ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. ஆனால் 'நோ சச் ஃபைல்'?

இதுதான் அதிகம் குழப்புவது. ஃபைல் இருக்கிறது, பெயர் சரி, அனுமதியும் கொடுத்தாச்சு. ஆனாலும் 'பேட் இன்டர்பிரட்டர்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்கிறது. உற்றுப் பார்த்தால் நடுவில் தொப்பி மாதிரி ஒரு குறியும் 'எம்' எழுத்தும் தெரியும். (புதிய பாஷ் பதிப்புகளில் 'ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வரலாம்.)

காரணம் பழைய டைப்ரைட்டர் காலத்தது. டைப்பிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்குத் தெரியும்: வரி முடிந்ததும் லீவரைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். உருளை தொடக்கத்துக்குத் திரும்பும். விண்டோஸ் இன்றைக்கும் ஒவ்வொரு வரி முடிவிலும் இந்த இரண்டுக்கும் இரண்டு குறிகளை வைக்கிறது. லினக்ஸ் ஒன்றே ஒன்றுதான் வைக்கும். அதனால் விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமித்த ஸ்கிரிப்ட்டின் முதல் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸ் 'பாஷ்' என்ற புரோகிராமைத் தேடாமல், 'பாஷ்' கூட அந்தக் குறியும் சேர்ந்த ஒரு புரோகிராமைத் தேடுகிறது. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. 'டாஸ் டூ யூனிக்ஸ்' என்ற சின்னக் கருவியை நிறுவி, ஃபைலை அதற்குக் கொடுத்தால் ஒரு நொடியில் சரியாகும்.

வேர்டில் ஒட்டி எடுத்த கமாண்டுகளிலும் இதே வகைத் தொல்லை. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகவும் மாறிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஷெல்லுக்கு அது வேறு எழுத்து. ஒட்டியதை அழித்துவிட்டு கையால் அடித்துப் பாருங்கள்.

'பாஷ்' வேறு, 'எஸ்ஹெச்' வேறு

சில இடங்களில் ஸ்கிரிப்ட்டை 'எஸ்ஹெச்' என்று போட்டு ஓட்டச் சொல்லியிருப்பார்கள். உபுண்டுவில் 2006-ல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அந்தப் பெயரில் இருப்பது பாஷ் இல்லை. 'டாஷ்' என்ற வேகமான, ஆனால் வசதி குறைந்த ஷெல். டெபியனும் பின்னர் அதற்கு மாறியது. பாஷுக்காக எழுதியதை டாஷிடம் கொடுத்தால் 'பேட் சப்ஸ்டிட்யூஷன்' என்றோ, அடைப்புக்குறி 'அன்எக்ஸ்பெக்டட்' என்றோ வரும். ஸ்கிரிப்ட்டில் தப்பு இல்லை. 'பாஷ்' போட்டு ஓட்டினால் போதும்.

பழைய லேப்டாப்புக்கே உரிய எரர்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஆன மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ஆப்ட், 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்கிறது. அதாவது, இன்னும் வெளிவராத ஃபைலை எப்படி நம்புவது என்று கேட்கிறது! பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களும் இதே காரணத்தால் நிராகரிக்கப்படும். இணையம் கிடைத்ததும் பல லினக்ஸ்கள் தாமாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அதற்குள் அவசரப்பட்டால் எரர்தான். 'டேட்' என்று அடித்து தேதியைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரியை மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

அடுத்து, '404 நாட் ஃபவுண்ட்', 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்'. முதலில் 'ஆப்ட் அப்டேட்' ஓட்டினீர்களா என்று பாருங்கள். ஓட்டியும் வந்தால், உங்கள் லினக்ஸ் பதிப்பின் காலம் முடிந்திருக்கலாம். ஆதரவு முடிந்த உபுண்டு பதிப்புகளின் மென்பொருள்கள் வழக்கமான சர்வரிலிருந்து பழைய வெளியீடுகளுக்கான தனி சர்வருக்கு மாற்றப்படும். முகவரியை மாற்றி ஒப்பேற்றலாம்தான். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத பதிப்பில் தொடர்வதைவிடப் புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்தால் 64-பிட் புரோகிராமை 32-பிட் சிஸ்டத்தில் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் கம்ப்யூட்டர்களுக்கான நிறுவல் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. 'யூநேம் மைனஸ் எம்' அடித்து உங்களுடையது எது என்று பார்க்கலாம்.

'குட் நாட் கெட் லாக்' வந்தால் டென்ஷன் வேண்டாம். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பழைய மெஷினில் அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால், இரண்டு இன்ஸ்டால்கள் ஒரே நேரத்தில் மோதி மென்பொருள் பட்டியலே கெடலாம்.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லையா?

பைத்தான் சார்ந்த மென்பொருள்களில் 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்ற எரர் வருகிறது. 2023-ல் வெளியான டெபியன் 12 முதல் இது இருக்கிறது. சிஸ்டத்துக்குச் சொந்தமான பைத்தானுக்குள் 'பிப்' மூலம் எதையும் நேரடியாகத் திணிக்க விடமாட்டேன் என்பதுதான் பொருள். அதற்கு முன்பு எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டுகளும் வீடியோக்களும் இதனால்தான் தோற்கின்றன. இந்தத் தடையைத் தாண்ட ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', சிஸ்டத்தை உடை! பெயரிலேயே எச்சரிக்கை. அதைத் தொடாமல், 'வென்வ்' மூலம் தனி அறை போல ஒரு போல்டரை உருவாக்கி அதற்குள் நிறுவலாம்.

அந்த மாணவியின் டெசராக்ட்டுக்கு வருவோம். எல்லாம் நிறுவியாச்சு, ஓடவும் செய்கிறது. ஆனால் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் 'ஃபெயில்டு லோடிங் லாங்குவேஜ்' என்று வருகிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் டெசராக்ட்டோடு இயல்பாக வருவது ஆங்கிலத் தரவு மட்டும்தான். தமிழுக்கு 'டாம்' என்ற மூன்றெழுத்துக் குறியீட்டில் தனி பேக்கேஜ் இருக்கிறது. அதையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

ஒரே ஒரு இடைவெளி என்ன செய்யும்?

எரர் வந்தால் நல்லது என்றுகூடச் சொல்லலாம். எரரே காட்டாமல் ஓடி முடிக்கும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்து. இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

2011-ல் 'பம்பிள்பீ' என்ற மென்பொருளின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில், அழிக்க வேண்டிய போல்டரின் முகவரிக்கு நடுவே தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. முகவரி இரண்டாகப் பிரிந்தது. அதன் முதல் பாதி, மென்பொருள்களில் பெரும்பகுதி குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' போல்டர். சூடோ அதிகாரத்தோடு ஓடிய ஸ்கிரிப்ட், சொன்னபடி அதை முழுவதுமாக அழித்தது.

2015 ஜனவரியில், லினக்ஸுக்கான 'ஸ்டீம்' கேம் மென்பொருள். தன் போல்டரின் முகவரியை ஒரு மாறியில் வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும் வரி அதன் ஸ்கிரிப்ட்டில் இருந்தது. ஒரு பயனர் போல்டரை இடம் மாற்றியிருந்தார். மாறி காலியாகிவிட்டது. முகவரி காலி என்றால் மிச்சம் இருப்பது வெறும் சாய்வுக்கோடு. லினக்ஸில் அதற்கு 'மொத்த சிஸ்டம்' என்று பொருள். சூடோகூடப் போடவில்லை. ஆனாலும் அந்தப் பயனருக்குச் சொந்தமான ஃபைல்கள் எல்லாம் போயின. பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் அப்போது இணைந்திருந்ததால் அதிலிருந்தவையும் சேர்ந்தே போயின. அந்த வரிக்கு மேலே, ஸ்கிரிப்ட்டை எழுதியவரே 'ஸ்கேரி' என்று குறிப்பு எழுதியிருந்தார். பயம் இருந்தது, தடுப்பு இல்லை.

நம் ஊர்க் கணக்கில் யோசித்துப் பாருங்கள். 'தமிழ் நூல்கள்' என்று போல்டருக்குப் பெயர் வைப்போம். தமிழ் எழுத்தால் இன்று பெரிய பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் இடைவெளிதான் பிரச்சினை. மேற்கோள் குறி போட மறந்த ஸ்கிரிப்ட்டுக்கு அது 'தமிழ்', 'நூல்கள்' என்று இரண்டு போல்டர். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுப் பெயர் வைத்தால் இந்தக் கவலை இல்லை.

எனவே ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதற்கு முன் 'லெஸ்' கமாண்டால் திறந்து ஒருமுறை மேலோட்டமாகவாவது படியுங்கள். எல்லாம் புரிய வேண்டாம். 'சூடோ' எங்கே வருகிறது, 'ஆர்எம்' எங்கே வருகிறது என்று மட்டும் தேடினால் போதும். ஆர்எம் என்பது அழிக்கும் கமாண்ட், லினக்ஸில் அதற்கு ரீசைக்கிள் பின் கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிய கையோடு நேராக பாஷுக்குள் ஊற்றும் ஒற்றை வரிக் கமாண்டுகளில் இந்தப் படிக்கும் வாய்ப்பே இல்லை. தனியாக டவுன்லோட் செய்து, படித்து, பிறகு ஓட்டலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 'பாஷ் மைனஸ் என்' என்று ஓட்டினால் ஸ்கிரிப்ட் எதையும் செய்யாமல் இலக்கணப் பிழையை (சின்டாக்ஸ்) மட்டும் பார்த்துச் சொல்லும். 'பாஷ் மைனஸ் எக்ஸ்' என்றால் வேலையைச் செய்துகொண்டே ஒவ்வொரு வரியையும் திரையில் காட்டும். எந்த மாறி காலி என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

யாரிடம் கேட்பது?

2012 முதல் 'கணியம்' தளம் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் வெளியிட்டு வருகிறது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. சென்னையிலும் ஒரு குழு இருக்கிறது. தன்னார்வலர்கள்தான், கேட்டால் சொல்லித் தருவார்கள்.

கேட்கும்போது மொபைலில் எடுத்த கலங்கலான ஸ்கிரீன் போட்டோவை அனுப்பாதீர்கள். எரரை எழுத்தாகவே காப்பி செய்து அனுப்பினால் அவர்களால் தேடிப் பார்க்க முடியும். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தக் கமாண்டை அடித்தீர்கள், முதலில் வந்த எரர் எது, அதற்குள் என்னென்ன முயன்றீர்கள் என்பதை எழுதுங்கள். 'டைப்ஸ்கிரிப்ட்' ஃபைலை அப்படியே அனுப்புவதாக இருந்தால், அதற்குள் உங்கள் பாஸ்வேர்டோ போன் நம்பரோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.